‘நெக்ஸ்ட்’ அமுக்கினால் வானொலி வந்துவிடுமா?

வானொலியில் வேலை செய்கிறேன் என்று தெரிந்தால், முன்பெல்லாம் நேயர்கள் கேட்பது ஒன்றுதான். “என் பேரைச் சொல்லி ஒரு பாட்டுப் போடுவீங்களா?” இப்போது கேள்வி மாறியிருக்கிறது. “வீட்டுக் கணினியிலேயே வானொலி நிலையம் வைக்கலாமாமே, நெசமா?”

நிஜம்தான். காசும் பெரிதாக ஆகாது. பினாங்கு மாநிலத்துக்கு இந்த ஆசை புதியதும் அல்ல. 1934-இல் பினாங்கு வயர்லெஸ் சங்கம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பத் தொடங்கியது. ரேடியோ மலாயா தொடங்கியது 1946 ஏப்ரல் 1. அதற்கு 12 ஆண்டுகள் முன்பே இங்கே தமிழ் காற்றில் ஏறிவிட்டது. அன்று அதற்குக் கருவிகளும் கம்பங்களும் அவற்றைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர்களும் வேண்டியிருந்தது. இன்று ஒரு கோப்பைப் பதிவிறக்கி, இருமுறை சொடுக்கி, ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘ஃபினிஷ்’ என்று அமுக்கினால் நிலையம் தயார் என்கிறார்கள்.

இந்த ‘நெக்ஸ்ட்’ பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். காரணம், புக்கிட் மெர்தாஜாமில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவர் இருக்கும் தாமானில் பாதிப் பேர் பழைய தோட்டத்து ஆட்கள். தோட்டம் போய்விட்டது. ஒரே லயத்தில் இருந்தவர்கள் இன்று நான்கு ஊரில் சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவர் தவறிவிட்டால் செய்தி புலனத்தில் வருகிறது. ஆனால் எழுபது, எண்பது வயதில் அந்தப் பொடி எழுத்தை யார் படிப்பது? பேரப்பிள்ளை வந்து படித்துக் காட்டும்போது எடுத்தே முடிந்திருக்கும். “தெனம் சாயங்காலம் ஒரு மணி நேரம், தம்பி. யாரு இறந்தா, யாரு ஆஸ்பத்திரியில இருக்கா, எந்தக் கோவில்ல திருவிழா. அவ்வளவுதான். ஒரு பொத்தான அமுக்கினா காதுல விழணும்” என்றார். இவ்வளவு தெளிவான நிகழ்ச்சித் திட்டத்தை நான் ஊடகப் படிப்பு படித்த காலத்தில் வகுப்பில்கூடக் கேட்டதில்லை.

அவர் கேட்பதற்குப் பொருத்தமான மென்பொருள் ஐஸ்காஸ்ட். இலவசம். சிஃப் அறக்கட்டளை வெளியிடுவது. ஜாக் மொஃபிட், பரத் ராகவன் என்ற இருவர் 1998-ஆம் ஆண்டு முடிந்து 1999 பிறக்கும் வேளையில் தொடங்கியது. அதே காலத்தில் நல்சாஃப்ட் என்ற சிறு நிறுவனம் ஷவுட்காஸ்ட்டை வெளியிட்டிருந்தது. நம்மில் பலர் பாட்டுக் கேட்ட வினாம்ப் செயலியும் அவர்களுடையதுதான். ஷவுட்காஸ்ட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று மற்றவர் பார்க்கவோ மாற்றவோ முடியாது. ஐஸ்காஸ்ட்டை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். இன்னொரு சுவையான சங்கதி: வினாம்ப்பை விநியோகிக்க அதே நல்சாஃப்ட் ஒரு நிறுவல் கருவியும் செய்தது. இன்று எத்தனையோ மென்பொருள்கள் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று நிறுவப்படுவது அந்தக் கருவியின் வழியாகத்தான். இணைய வானொலியும் நிறுவல் வழிகாட்டியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லலாம்.

சேவையகம், அதாவது செர்வர், என்றால் என்ன? குனோங் ஜெராயில் இருக்கும் ஒலிபரப்புக் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது மழை மாதிரி. பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் கோபுரத்துக்கு ஒரே செலவுதான். செர்வர் அப்படியல்ல, தே தாரிக் கடை மாதிரி. வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி கிளாசில் ஊற்ற வேண்டும். பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் போதும். 30 பேர் கேட்டால் 30 கிளாஸ். விநாடிக்கு ஏறக்குறைய 2 மெகாபிட் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகம். வானொலிக்குத் தேவை பதிவேற்ற வேகம். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேட்பவருக்கோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 மெகாபைட் செலவாகும். பிரிபெய்ட் அட்டையில் இருக்கும் பாட்டிகளுக்கு இது முக்கியமான கணக்கு. 32 கிலோபிட்டுக்கு இறக்கினால் பாதியாகும். குரல் கொஞ்சம் தகர டப்பா போல ஒலிக்கும், ஆனால் பெயரும் ஊரும் தெளிவாகக் கேட்கும். எம்பி3 வடிவமே போதும். பழைய கைப்பேசியிலும் பாடும்.

சரி, நிறுவலுக்கு வருவோம். கோப்பைச் சொடுக்கியதும், கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று விண்டோஸ் கேட்கும். பிறகு உரிம ஒப்பந்தம். பிறகு எந்த அடைவில் வைப்பது என்ற கேள்வி. கடைசியில் ‘ஃபினிஷ்’. ஐந்து நிமிடம்கூட ஆகாது. எந்தக் கேள்வியும் யாரையும் பயமுறுத்தாது. நிறுவல் வழிகாட்டி கேட்பதெல்லாம் கோப்புகளை நகலெடுக்க அதற்கு என்ன தெரிய வேண்டுமோ அது மட்டும்தான். வானொலி நடத்துவதற்கு உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று அது கேட்பதே இல்லை.

யார் பேசலாம் என்பது அது கேட்காத முதல் கேள்வி. ஐஸ்காஸ்ட்டுடன் ஓர் அமைப்புக் கோப்பு வருகிறது. அதில் மூன்று கடவுச்சொற்கள்: ஒலி அனுப்புகிறவருக்கு ஒன்று, இன்னொரு செர்வருக்கு ஒன்று, நிர்வாகிக்கு ஒன்று. மாதிரிக் கோப்பில் மூன்றிலும் ஒரே சொல்தான் எழுதியிருக்கிறது: ‘ஹேக்மீ’. என்னை உடை என்று பொருள். மாற்றாமல் விடாதே என்று எச்சரிக்கத்தான் அப்படி வைத்தார்கள் போலும். ஆனால் நிறுவலின்போது அந்தச் சொல் உங்கள் கண்ணில் படாது. படாததை யார் மாற்றுவார்? அது உலகத்துக்கே தெரிந்த சாவி. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அதே அலைவரிசையில் இன்னொருவர் நுழைய முடியாது. நீங்கள் பேசாத நேரத்தில் நுழையலாம். நிர்வாகியின் சொல் தெரிந்தவர் உங்களையே வெளியே தள்ளிவிடலாம். மரண அறிவிப்பு வாசிக்கும் வானொலியில், உயிரோடு இருப்பவர் பெயரை யாரோ விளையாட்டாக வாசித்தால் என்ன ஆகும்? ஆசிரியரிடம் இதைத்தான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஐஸ்காஸ்ட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கும் சங்கத்துக்கும் அகப்பக்கம் செய்கிறவர்கள் நிறுவும் ஸாம்ப் தொகுப்பிலும் இதே கதைதான். தரவுத்தளத்தின் தலைமைப் பயனர் அங்கே கடவுச்சொல்லே இல்லாமல் வருகிறார். பழகிப் பார்க்க அது வசதி. வெளியுலகத்துக்குத் திறந்துவிட்டால் வாசல் கதவே இல்லாத வீடு.

கடவுச்சொல்லை மாற்றுவது சுலபம். ஆனால் விண்டோசில் ஒரு சின்ன முட்டுக்கட்டை உண்டு. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ அடைவில் இருக்கும் கோப்பை நோட்பேடில் திறந்து திருத்திச் சேமிக்கப் பார்த்தால், அனுமதி இல்லை என்று மறுக்கும். நோட்பேடை வலச்சொடுக்கி, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறந்து, பிறகு கோப்பைத் திருத்துங்கள். செர்வரை நிறுத்தி மறுபடியும் தொடக்குங்கள். மூன்று இடத்திலும் மூன்று வேறு சொற்கள் இருக்கட்டும்.

அந்தக் கோப்பைத் திறந்தபோதே இன்னொன்றையும் செய்துவிடலாம். நிகழ்ச்சித் தலைப்பைத் தமிழில் அனுப்பினால், எம்பி3 ஒலியோடு போகும் எழுத்தை ஐஸ்காஸ்ட் ஐரோப்பிய எழுத்து முறை என்று எடுத்துக்கொள்ளும். தமிழ் சிதறிப்போய்க் கோணல் குறிகளாகத் தெரியும். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் கணினியில் இல்லாததால் மின்னஞ்சல் முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரிந்த காலம் சிலருக்கு நினைவு வரலாம். அலைவரிசை அமைப்பில் ‘சார்செட்’ என்ற வரியைச் சேர்த்து யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் தமிழ் தமிழாகவே வரும்.

யார் கேட்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. இதை நிறுவல் வழிகாட்டி கேட்காது, விண்டோசின் தீச்சுவர் கேட்கும். செர்வர் முதல்முறை ஓடும்போது ஒரு பெட்டி குதித்து வந்து, தனிப்பட்ட வலையமைப்பா பொது வலையமைப்பா என்று விசாரிக்கும். ஏதோ விளம்பரம் என்று நினைத்து ‘கேன்சல்’ அமுக்குகிறவர்கள் அதிகம். அப்படி அமுக்கினால் விண்டோஸ் சத்தமில்லாமல் தடை போட்டுவிடும். அதன் பிறகு நடப்பது வேடிக்கை. அதே கணினியில் உலாவியைத் திறந்து ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றும் 8000 என்ற வாயில் எண்ணும் கொடுத்தால் உங்கள் குரல் கணீரென்று கேட்கும். பக்கத்து அறையில் இருக்கும் கைப்பேசியில் கேட்காது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இதே கணினி’ என்றுதான் பொருள். தன் குரலைத் தானே கேட்டுவிட்டு ஊரே கேட்கிறது என்று நம்புவது எங்கள் தொழிலில் பழைய வியாதி. அதனால் சோதனையை எப்போதும் இன்னொரு கைப்பேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசி இணையத்தில் செய்யுங்கள்.

அந்தச் சோதனை பெரும்பாலும் முதல் நாளில் தோற்கும். வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடாது. 8000-க்கு வருபவரை இந்தக் கணினிக்கு அனுப்பு என்று ரவுட்டரில் தனியாகச் சொல்ல வேண்டும். சில வீடுகளுக்கு அதுவும் பலிக்காது. ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும்படி இணைப்பு தரப்பட்டிருந்தால், வெளியிலிருந்து உங்கள் வீட்டை யாராலும் நேராகத் தட்ட முடியாது. அப்போது மாத வாடகைக்கு வெளியில் ஒரு சிறு செர்வர் எடுத்து, வீட்டிலிருந்து அங்கே ஒலியை அனுப்புவதுதான் வழி. என் கருத்து கேட்டால், தொடக்கத்திலேயே அப்படிச் செய்வது நல்லது. வீட்டு வாசலைத் திறந்து வைக்க வேண்டாம். முப்பது கிளாசையும் வாடகை செர்வரே ஊற்றும், வீட்டிலிருந்து போவது ஒரே ஒரு கிளாஸ். வீட்டுக் கணினியில் நிறுவிப் பழகுங்கள், ஒலிபரப்பை வெளியில் வையுங்கள்.

ஒலியை அனுப்ப ‘பட்’ என்ற இலவசச் செயலி இருக்கிறது. செர்வர் முகவரி, வாயில் எண், கடவுச்சொல் கொடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். பேச்சு கேட்பவர் காதுக்குப் போக நேரமாகும். சேர்ந்தவுடன் ஒலி தடங்காமல் இருக்க ஐஸ்காஸ்ட் முதலிலேயே 64 கிலோபைட்டை மொத்தமாகக் கொடுக்கிறது. 64 கிலோபிட் ஓட்டத்தில் அதுவே 8 விநாடிப் பேச்சு. ஆகவே “இப்போது நேரம் சரியாக ஏழு மணி” என்று சொல்லாதீர்கள். எங்களுக்கே அந்தப் பழக்கம் விடாது. கோவில் மண்டபத்தில் பின்வரிசைக்காரர்கள் காதுக்கருவியில் கேட்கட்டும் என்று இதைப் பயன்படுத்தவும் முடியாது. மேடையில் கை தட்டி முடித்த பிறகுதான் அவர்களுக்குச் சிரிப்பு வரும்.

பாட்டு விஷயத்தில் ஆசிரியருக்கு ஏமாற்றம். இடையிடையே பழைய பாடல்கள் போடலாம் என்று பட்டியல் வைத்திருந்தார். நிறுவலில் ‘ஐ அக்ரீ’ அமுக்குவது மென்பொருளுக்கான உரிமம் மட்டும். பாடலுக்கு உரிமையாளர் வேறு. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஐம்பது பேர் கேட்கும் வானொலி என்று தள்ளுபடி தராது. அனுமதி வாங்கும்வரை பேச்சே போதும் என்றேன். “தேவாரம் நானே பாடுறேன்” என்றார். அதற்குத் தடையில்லை.

யார் பார்த்துக்கொள்வது என்பது மூன்றாவது கேள்வி. ஐஸ்காஸ்ட்டை விண்டோசில் ஓடவிட்டால் ஒரு கறுப்புச் சாளரம் திறந்தே இருக்கும். அழகாக இல்லை என்று அதை மூடினால் நிலையமும் மூடிவிடும். கணினி தானாகத் தூங்கப் போனாலும் அதே கதை. மின்சார அமைப்பில் ‘ஸ்லீப்’ நேரத்தை ‘நெவர்’ என்று மாற்ற வேண்டும். மடிக்கணினியானால் மூடியை மூடினால் என்ன நடக்கும் என்பதையும் மாற்ற வேண்டும். விண்டோஸ் புதுப்பிப்பு கணினியை அணைத்து ஏற்றும் நேரத்தை, நிகழ்ச்சி நேரத்துக்கு வெளியே இருக்கும்படி ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ பகுதியில் குறித்துவிடலாம். தூக்கமும் புதுப்பிப்பும் நிலையத்தைப் பாதிக்காமல் இருப்பது வாடகை செர்வரின் இன்னொரு லாபம். ஆனாலும் ஒலி அனுப்பும் கணினிக்கு இவையெல்லாம் பொருந்தும்.

ஆசிரியருக்கு வயது 70-ஐத் தாண்டிவிட்டது. சர்க்கரை இருக்கிறது. அவர் இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தால் ஆறு மணிக்குப் பொத்தானை அமுக்கும் பாட்டிகளுக்கு என்ன கேட்கும்? ஒன்றும் கேட்காது. அவருக்கே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் கடவுச்சொற்கள், ரவுட்டர் அமைப்பு, வாடகை கட்டும் தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, தெருவில் நம்பிக்கையான இரண்டு பேரிடம் காட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருவராவது இளையவராக இருக்க வேண்டும், ஒருவராவது அறிவிப்பு வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார், பாலர் பள்ளியில் வேலை செய்யும் ஓர் அக்கா. இளையவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒலிபரப்பு இன்னும் தொடங்கவில்லை.