திறந்த ஊர்தியும் பின்னிருக்கையும்

மோட்டார் வண்டியைப் பற்றித் தமிழ்ப் பகுதியில் எழுதுதல் தகுமோ என நண்பர் சிலர் வினவினர். தேரும் சிவிகையும் புலவர்க்குப் பாடுபொருளாயின. அங்ஙனமாகக் கூரை மடங்கித் திறக்கும் இக்காலத்துச் செல்வர் ஊர்தி மட்டும் என்ன பிழை செய்தது? அதில் ஏறியமரும் பேறு எனக்கு இதுகாறும் வாய்த்ததில்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றேன். எனினும், அதன் உள்ளமைப்பைப் பற்றிப் படித்தறிந்த அளவில் ஒரு கருத்து என் உள்ளத்தே வலுப்பெற்றுவிட்டது. திறந்த ஊர்தியின் சுகத்தை ஓட்டுவோன் இருக்கையில் அமர்ந்து அளப்பது தவறு. பின்னிருக்கையில் அமர்ந்தே அதனை அளத்தல் வேண்டும்.

அஃது எவ்வாறெனின், காற்றின் இயல்பை முதலில் நோக்குக. கூரை திறந்து ஓடுங்கால் காற்று முகத்திலேதான் மோதும் என எண்ணுகின்றோம். முன்கண்ணாடியோ எதிர்காற்றை மேலே தூக்கி எறிந்துவிடுகின்றது. அக்காற்றுத் தலைக்கு மேலே விரைந்தோட, வண்டியினுள் அழுத்தம் குறைகின்றது. அக்குறையை நிரப்புவதற்குப் பின்புறத்தினின்றும் காற்றுச் சுழன்று திரும்பி, அமர்ந்திருப்போர் பிடரியைத் தாக்குகின்றது. கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்ட நம் முன்னோர், முன்னோக்கிச் செல்வானைப் பின்னின்று தாக்கும் இக்காற்றுக்குப் பெயரிட்டிலர். அவர்தம் தேருக்குக் கண்ணாடி இல்லாமையே காரணம் போலும்!

ஜெர்மனி நாட்டு மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தார் 2004-ஆம் ஆண்டில் எஸ்.எல்.கே. என்னும் இரண்டிருக்கை வண்டியில் இதற்கொரு மாற்றுக் கண்டனர். இருக்கையின் தலைசாய்ப்புப் பகுதியில் ஒரு வாயில் அமைத்து, உள்ளே சிறு விசிறியும் மின்சூடேற்றியும் வைத்து, வெதுவெதுப்பான காற்றைக் கழுத்தைச் சுற்றிப் படரவிட்டனர். கூரையைத் திறந்து குளிரை வரவழைத்துப் பின் அதனை மின்சாரத்தால் விரட்டுதல் பேதைமை என்று நண்பர் ஒருவர் நகைத்தார். மார்கழி விடியலிலே போர்வையைப் போர்த்துக்கொண்டு முற்றத்தில் அமர்வோர் அனைவரும் பேதையரோ? வெயிலுக்கும் இவ்வாறே வழி தேடினர். பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட திறந்த வண்டியின் இருக்கைத் தோலில், அகச்சிவப்புக் கதிரைத் திருப்பியனுப்பும் நிறமிகளைச் சேர்த்தனர். அதனால் தோலின் வெப்பம் 20 பாகை வரை குறையும் என்பர். இவற்றையெல்லாம் நான் மனமாரப் பாராட்டுகின்றேன்.

என் குறையெல்லாம் வேறொன்றின்மேல். பிடரிக் காற்றைத் தடுக்க நான்கிருக்கை வண்டிகள் பலவற்றில் ஒரு வலைச் சட்டம் தருகின்றனர். அதனைப் பின்னிருக்கையின்மேல் பொருத்திவிட்டால் முன்னிருப்போர் இருவர்க்கும் காற்றுத் தொல்லை தணிந்துவிடும். பின்னே இருவர் அமர இடம் மட்டும் இராது! பந்தியில் இருவரை எழுப்பிவிட்டு ஏனை இருவர் கால்நீட்டி அமர்ந்து உண்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

2021-ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ்.எல். வண்டியை நோக்குக. ஓட்டுவோன் கண் கூசாமைப் பொருட்டு, நடுவிலுள்ள 11.9 அங்குலத் தொடுதிரை 12 பாகையினின்று 32 பாகை வரை சாயுமாறு செய்துள்ளனர். பின்னே உள்ள இரண்டிருக்கைகளோ 1.50 மீட்டர் உயரத்திற்கு மேற்பட்டார்க்கு ஏற்றவையல்ல என்று செய்தோரே கூறுகின்றனர். அவ்வண்டி உண்மையில் இருவர்க்கே உரியது என வாதிப்பாருளர். இருவர்க்கேயாயின் எஸ்.எல்.கே. போல இரண்டிருக்கையோடு நிறுத்துக. நான் வாய் திறவேன்.

இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தார் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டான்' இவ்வகையில் நேர்மையுடையது. வளர்ந்தோர் நால்வர் நன்கு அமர்தற்கென்றே அது செய்யப்பட்டது. 1950 முதல் 1954 வரை 28 மட்டுமே செய்யப்பட்ட திறந்த 'சில்வர் டான்' வண்டிகளின் நினைவாக அப்பெயரை இட்டனர். ஆறடுக்குத் துணிக் கூரை, 22 நொடியில் ஓசையின்றி மடங்கும். பின்னிருக்கைகளின் நடுவே மரப்பலகை அருவிபோல் இறங்கும். 2023-ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுபோயிற்று.

ஆயினும், அம்மரத்தினும் துணியினும் நான் மிகுதியாக மதிப்பது ஒரு சிறு தகட்டையே. 2010-ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் நிறுவனத்தார் தம் நான்கிருக்கை ஈ-கிளாஸ் திறந்த வண்டியில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் அதனை வைத்தனர். பொத்தானை அழுத்தினால் அது ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் எழும்பும். பின்னிருக்கைகளின் தலைசாய்ப்புகளுக்கு இடையே ஒரு வலையும் நிற்கும். சுழற்காற்று நால்வர்க்கும் குறையும். எவரும் எழுந்து இடம்விட வேண்டுவதில்லை. தகடு எழும்பி நிற்கையில் வண்டியின் அழகு கெடுகின்றது என்று குறை கூறுவோர் உளர். கெட்டால் கெடுக. பின்னே அமர்ந்த அன்னையார் கூறுவது முன்னே ஓட்டும் மகனுக்குக் கேட்கின்றதன்றோ!