புகையைப் பாருங்கள், பிறகு பம்பைக் கழற்றலாம்

'எங்களிடம் 1996-ம் வருட மாடல் டிராக்டர் இருக்கிறது. மார்கழி பிறந்ததில் இருந்து காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. பத்துப் பதினைந்து முறை செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது. எடுத்துவிட்டால் அன்று முழுக்கப் பிரச்னை இல்லை. பம்ப், நாசில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவர் கேட்கும் தொகைக்கு வண்டியையே விற்றுவிடலாம் என்கிறான் மகன். ராகி கதிரடிப்பு நேரம். என்ன செய்வது?'
- வாசகர், கெலமங்கலம்.

விற்க வேண்டாம். பம்பையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். 'எடுத்துவிட்டால் அன்று முழுக்கப் பிரச்னை இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது.

பம்புக்குள் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது தேய்ந்தால், சூட்டில் நீர்த்துப்போன டீசல் அதன் வழியே கசிந்துவிடும். அதனால் தேய்ந்த பம்ப் பெரும்பாலும் மதியம் வண்டி சூடாக இருக்கும்போதுதான் தகராறு செய்யும். உங்கள் வண்டி காலையில் மட்டும்தான் அடம்பிடிக்கிறது.

நாளை காலை ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் சைலன்சரைப் பாருங்கள். அதற்கு முன்பு, இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். துருப்பிடித்த கேபிள் பாதியில் நின்று டீசலை அடைத்துவிடுவது உண்டு. அதற்குச் செலவு கொஞ்சம் கிரீஸ்தான்.

புகையே வரவில்லை என்றால் டீசல் நாசிலுக்குப் போகவில்லை. இரவில் லைனில் எங்கோ காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பியிருக்கும். இதை உறுதிசெய்ய, மறுநாள் செல்ஃப் அடிப்பதற்கு முன்பு ஃபீட் பம்பில் உள்ள ஹேண்ட் பிரைமரை இருபது, முப்பது முறை அழுத்துங்கள். முதலில் லொடலொடவென்று போய், பிறகு கையில் இறுக்கம் தெரியும். அதன்பின் வண்டி உடனே எடுத்துவிட்டால், குற்றவாளி காற்றுதான். டீசல் ஹோஸ், ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர், பேஞ்சோ போல்ட்டுகளின் செம்பு வாஷர் ஆகியவற்றை மாற்றுங்கள். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு இறுக்குவதால்தான் பாதி வண்டிகளில் காற்று இழுக்கிறது. பிறகு ஃபில்டர், பம்ப் என்ற வரிசையில் ஏர் ஸ்குரூக்களைத் தளர்த்தி, நுரை இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றுங்கள். நாசில் பைப்பைத் தளர்த்தும்போது அதன் அருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியத்தான் இல்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை வேகமாக அமுக்குவதில் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஓசூர் சுற்றுவட்டாரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழிக் குளிரில் பேட்டரி தளரும், இன்ஜின் ஆயில் கெட்டிப்படும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முதலில் டெர்மினலையும் எர்த் ஒயரையும் சுரண்டிச் சுத்தம் செய்து, பேட்டரியை சார்ஜ் போட்டுப் பாருங்கள். மேட்டில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் பக்கம் அதிகம். பேட்டரி செத்திருப்பதை அது மாதக்கணக்கில் மறைத்துவிடும்.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் வெள்ளைப் புகை வந்தால், நாசில்களை மட்டும் கழற்றி லேபில் கொடுங்கள். டீசல் பனிபோல விசிற வேண்டும், சொட்டக் கூடாது. அதுவும் சரியாக இருந்தால், இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பம்புக்குச் செலவழித்து அதைச் சரிசெய்ய முடியாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் தீரவில்லை என்றால்தான் பம்ப். நாம் 'மைகோ பம்ப்' என்று சொல்வது, 1951-ல் பெங்களூருவில் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் பெயர். 2008-ல் அது பாஷ் என்று மாறியும், நம் வாயில் மைகோ மாறவில்லை. அந்தப் பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அளந்துதான் சரிசெய்ய முடியும். மரத்தடியில் வைத்துப் பிரிக்க விடாதீர்கள்.

'குளிரில் ஏர் கிளீனர் வாயில் துணியைக் கொளுத்திக் காட்டினால் வண்டி உடனே எடுக்கிறது. இதனால் கெடுதல் உண்டா?'
- வாசகர், தளி.

உண்டு. எரிந்த துணித்தூள் உள்ளே போனால் சிலிண்டரைக் கீறும். பக்கத்தில் டீசல் கசிவோ வைக்கோலோ இருந்தால் வண்டியே போய்விடும். உங்கள் வண்டியில் ஹீட்டர் இருந்தால் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஹீட்டர் உள்ள வண்டியில் ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது, வெடித்துவிடும். ஹீட்டர் இல்லை என்றால், இரவே பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, காலையில் மாட்டி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.