குச்சியை மறுபடி முக்காதே!

கல்லாவி மாதிரி ஊர்ப் பெண்களுக்கு ஓசூர் கம்பெனி வேலையை விட்டால், பியூட்டி பார்லர் நல்ல பிழைப்பு. ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி ஒரு வருடப் படிப்பாகவே இருக்கிறது. ஆனாலும் பல பார்லர்களில், 'அக்கா செய்யறதைப் பார்த்துக் கத்துக்கோ' என்பதுதான் பயிற்சி!

வாக்ஸிங்கில், முடி வளரும் திசையில் தடவி, தோலை இழுத்துப் பிடித்து, எதிர்த்திசையில் சட்டென்று உரிக்க வேண்டும். இது பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். என் கவலை வேறு. ஒருவர் காலில் தடவிய குச்சியை அப்படியே வாக்ஸ் டப்பாவில் மறுபடி முக்குகிறார்களே, அதுதான். முடியை வேரோடு பிடுங்கும்போது துளித்துளியாக ரத்தம் கசியலாம். அதே வாக்ஸ்தான் அடுத்தவருக்கும்! 'சூட்டுல கிருமி செத்துடும்' என்பார்கள். தோல் பொறுக்கிற சூட்டில் கிருமி எங்கே சாகும்? தடவிய குச்சி குப்பைக்குத்தான் போகணும். 'குச்சிக்குக் காசு யார் தர்றது?' என்று முதலாளியம்மாவே முகம் சுளித்தால், பழகுகிற பெண் என்ன செய்வாள், பாவம்!

வாய் திறந்து கேட்கவும் அவளைப் பழக்க வேண்டும். 'சர்க்கரை இருக்காக்கா? பருவுக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?' ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வாக்ஸோடு தோலும் உரிந்து வந்துவிடலாம். நிறுத்தி ஆறு மாதமாவது ஆகாமல் வாக்ஸிங் வேண்டாம் என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை உண்டு. அந்தப் பெண் கேட்டால், 'உனக்கெதுக்கு அதெல்லாம்?' என்று எரிந்து விழாமல் பதில் சொல்லுங்கள்.