ஊர் ஜெனரேட்டருக்கு யார் பொறுப்பு?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பகுதிகளில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களுக்குக் கரண்டு திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஊரார் பணம் போட்டு வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்தார்கள். ஆழ்குழாய் மோட்டாரை ஓட்டி மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொண்டார்கள். அரசுக்காகக் காத்திராத அந்த முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால், ஒரே ஜெனரேட்டரிலிருந்து பல வீடுகளுக்கு வயர் இழுத்தால் ஒரு வீட்டுப் பழுது எல்லா வீடுகளுக்கும் பொதுவாகிவிடுகிறது. அந்த ஆபத்துக்குப் பொறுப்பேற்க இன்று யாரும் இல்லை.

மின்வாரியம் தரும் கரண்டில் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. கசியும் மின்சாரம் மண் வழியே அங்கே திரும்ப முடியும். வாடகைக்கு வரும் சிறு ஜெனரேட்டர்களிலோ பெரும்பாலும் இரண்டு வயருமே மண்ணைத் தொடுவதில்லை. இதில் முதல் பழுது சத்தமில்லாமல் வரும். ஒரு வீட்டு மோட்டாரில் இன்சுலேஷன் போய், ஒரு வயர் ஈரமண்ணைத் தொட்டால் எதுவும் டிரிப் ஆகாது. யாருக்கும் ஷாக் அடிக்காது. ஆனால், அந்த நொடியிலிருந்து மற்ற வயருக்கும் தரைக்கும் இடையே 230 வோல்ட் நிற்கிறது. நான்கு வீடு தள்ளி இன்னொருவர் அந்த மற்ற வயரின் கசிவைத் தொடும்போதுதான் பழுது வெளியே தெரியும்.

‘வீட்டில்தான் எர்த் குழி இருக்கிறதே’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதுக்கோட்டையில் பல இடங்கள் செம்புறாங்கல்லும் பாறையுமான வறண்ட பூமி. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் மண்ணின் தடை எளிதில் இறங்காது. குழியின் தடை 50 ஓம் என்றால், 230 வோல்ட்டில் கசிவது 5 ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. பழுதான கிரைண்டரின் உடம்பில் கரண்டு அப்படியே நிற்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. இருந்தால் கதை மாறும். குழியின் தடை 1,000 ஓம் ஆனாலும் 230 மில்லி ஆம்பியர் கசியும். அது டிரிப் ஆக அதுவே தாராளம். ஆனால், ஜெனரேட்டரின் நியூட்ரலும் மண்ணோடு இணைந்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

ஜெனரேட்டர் வாயிலில் ஒரே ஒரு ஆர்.சி.டி. போட்டால் போதாதா? நியூட்ரல் மண்ணோடு இணையாத ஜெனரேட்டரில் அது வீண். ஒரு வீட்டில் கசிந்த மின்சாரம் இன்னொரு வீட்டுப் பழுதின் வழியே ஏறி, அதே ஆர்.சி.டி.க்குள் திரும்பிவிடும். போனதும் வந்ததும் சமமாக இருப்பதால் கருவிக்கு எதுவும் தெரியாது. டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் மட்டும் ஒழுங்காக டிரிப் ஆகும்; அது பொய்யான நிம்மதி. நியூட்ரலை மண்ணோடு இணைத்த பின்னும் ஒரே கருவி போதாது. ஒரு வீட்டுக் கசிவு தெருவையே இருட்டாக்கும். பொறுமையிழந்த யாராவது அதைப் பைபாஸ் செய்துவிடுவார்கள். எனவே, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஆர்.சி.டி. வேண்டும்.

இதில் லைன்மேனின் உயிரும் அடங்கியிருக்கிறது. மின்வாரிய இணைப்பைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக்கில் செருகினால், கரண்டு மின்வாரியக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் பின்னோக்கி ஏறி, 11,000 வோல்ட் லைனை உயிர்ப்பிக்கக்கூடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் அவர் கம்பம் ஏறுகிறார்.

புதிய இணைப்புகளுக்கு ஆர்.சி.டி.யைத் தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு கட்டாயமாக்கியிருக்கிறது. நல்லது. ஆனால், பேரிடரின்போது தெருவில் முளைக்கும் தற்காலிக விநியோகத்தைப் பார்ப்பது யார்? வாரியத்துக்கு அது தன் லைன் இல்லை. வாடகைக்காரருக்கு டீசலோடு கடமை முடிந்தது. ஊராருக்கு விளக்கு எரிந்தால் போதும்.

இந்த இடைவெளியை ஊராட்சிதான் நிரப்ப முடியும். வாடகை ஒப்பந்தத்தில் நான்கு நிபந்தனைகள் போதும்: ஜெனரேட்டரின் நியூட்ரலும் உலோகச் சட்டமும் ஒரே இடத்தில் எர்த் செய்யப்பட வேண்டும்; வீட்டுக்கு ஒரு ஆர்.சி.டி.; இணைக்கும் வீட்டில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச்; உரிமம் பெற்ற வயர்மேன் சோதித்துக் கையெழுத்திட்ட பின்பே இன்ஜினைக் கிளப்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மணல் மூட்டைகளையும் மரம் அறுக்கும் இயந்திரங்களையும் தயார் செய்யும் மாவட்ட நிர்வாகம், ஆர்.சி.டி. பொருத்திய விநியோகப் பலகைகளையும் ஒன்றியம்தோறும் வாங்கி வைக்கலாம். புயல் அடித்த மறுநாள் ஊரில் யாருக்கும் இதை யோசிக்க நேரமிருக்காது.