இல்லமும் உலகமும்: வாயிலில் ஒரு ஜோங்கா

சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, இப்பகுதியில் நாம் இதுவரை தொடாத ஒரு பொருளைப் பற்றியது. எழுதியவர் ஜபல்பூரில் வாழும் தமிழ்க் குடும்பத்து அம்மையார் ஒருவர். அவர் கணவர் அவ்வூர் வாகனத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். புனேயில் பணிபுரியும் மகன், படையிலிருந்து ஏலத்தில் கழிக்கப்பட்ட ஜோங்கா வண்டி ஒன்றை வாங்குவதற்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம். தந்தைக்குக் கடுஞ்சினம். “யானையைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகுமா?” என்கிறார் அவர். “அப்பா கைபட்ட வண்டி, அதனால்தான் ஆசைப்படுகிறேன்” என்கிறார் மகன். தொலைபேசியில்கூட இருவரும் பேசி மூன்று வாரங்கள் ஆகின்றன. “யார் பக்கம் நியாயம் என்று எழுதுங்கள், இருவருக்கும் படித்துக் காட்டுகிறேன்” என்பது அம்மையாரின் வேண்டுகோள்.

தந்தைக்கும் மகனுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும் பழைய இராணுவ வண்டிகளின்மேல் இத்தனை பேருக்குக் காதல் பிறப்பது ஏன் என்பதையும், அக்காதலுக்கு ஆகும் செலவு என்ன என்பதையும் எடுத்துரைக்கலாம் அல்லவா?

இவ்வகை வண்டிகளுக்கெல்லாம் மூத்தது ஜீப். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. அறுபது குதிரைத் திறன் கொண்ட சிறிய எஞ்சின். நான்கு சக்கரங்களும் தாமே உந்தும் அமைப்பு. மடித்து வைக்கத்தக்க முன்கண்ணாடி. சேற்றிலும் மணலிலும் மலைச்சரிவிலும் அது சென்றது. 1947இல் மஹிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் ஜீப்புகளைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கினர். அன்று முதல் நம் நாட்டுக் காவல்துறைக்கும் வனத்துறைக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் ஜீப் இன்றியமையாத ஊர்தியாயிற்று.

அடுத்து வந்தது சக்திமான். ஜெர்மானிய நாட்டு மான் நிறுவனத்தின் உரிமத்தைப் பெற்று, 1904இல் நிறுவப்பட்ட ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் 1959இல் இந்த லாரி உருவாகத் தொடங்கியது. வி. கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலம் அது. வடமொழிச் சொல்லாகிய சக்திமான் என்பதன் இறுதியிலேயே அந்த ஜெர்மானிய நிறுவனத்தின் பெயரும் அடங்கியிருப்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். பெயரிட்டவர் சாமர்த்தியசாலிதான்! 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் வீரர்களையும் வெடிமருந்தையும் உணவையும் சுமந்த இந்த லாரி, 1996 வரை உற்பத்தியில் இருந்தது.

லாரிகளின் உற்பத்தி பெருகவே, அவற்றுக்கென்றே ஜபல்பூரில் 1969இல் தனி வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அவ்வாண்டில் அங்கே பிறந்ததே ஜோங்கா. பெயரைக் கேட்ட பலர் அதனை ஜப்பானியச் சொல் என்றும் ஆப்பிரிக்கச் சொல் என்றும் எண்ணுவதுண்டு. ‘ஜபல்பூர் ஆர்டனன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி’ என்னும் நீண்ட தொடரின் எழுத்துகளைச் சேர்த்துக் கோத்த பெயர் அது. வண்டியின் உருவம் மட்டும் ஜப்பானியருடையது. நிஸ்ஸான் பேட்ரோல் என்னும் வண்டியே அதற்கு மூலம். ஆறு சிலிண்டர்களும் 3,956 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட பெட்ரோல் எஞ்சின் இதற்கு உண்டு. அதிகாரிகளின் ஊர்தியாகவும், நோயாளிகளை ஏற்றிச் செல்வதாகவும், 106 மில்லிமீட்டர் பீரங்கியைத் தாங்குவதாகவும் இது பல வேடம் பூண்டது. 1990களில் டீசல் எஞ்சின் பொருத்திப் பொதுமக்களுக்கும் விற்றுப் பார்த்தனர், அம்முயற்சி நிலைக்கவில்லை. 1999இல் உற்பத்தியே நின்றது. அதற்குள் எடை குறைந்த மாருதி ஜிப்ஸி படையின் நம்பிக்கையைப் பெற்றுவிட்டது. லாரிகளின் இடத்தை நம் எண்ணூரில் வளர்ந்த அசோக் லேலண்டின் ஸ்டாலியன் பிடித்துக்கொண்டது.

இத்தகைய வண்டிகளை இன்று தேடி வாங்குவோர் நாடெங்கும் உள்ளனர். கிரிக்கெட் வீரர் தோனி ராஞ்சியில் இராணுவத்தின் பழைய நிஸ்ஸான் வண்டி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்ட செய்தி 2019இல் நாளேடுகளில் வெளிவந்தது. ஆர்வலர்களிடம் பேசிப் பார்த்தால் அவர்கள் கூறும் காரணங்கள் ஏறத்தாழ ஒன்றே. தடித்த அடிச்சட்டமும் இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்கும் எளிதில் தளர்வதில்லை. மூடியைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கும் எட்டுகிறது. நடுக்காட்டில் நின்றுவிட்டாலும் ஸ்பேனரும் திருப்புளியும் கொண்டு பழுதை நீக்கிவிடலாம். போர்முனையில் பட்டறையைத் தேட முடியாது என்பதற்காகவே இவ்வாறு அமைத்தனர். கணிப்பொறியை இணைத்தாலன்றி நோய் புலப்படாத இக்கால வண்டிகளோடு பழகிய இளைஞருக்கு இது பெரும் கவர்ச்சி.

இனித் தந்தையார் பக்கத்தைப் பார்ப்போம். அவர் சினத்தில் நியாயம் உண்டு. ஜோங்கா லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. பவர் ஸ்டியரிங் கிடையாது. நெரிசல் மிகுந்த நகரத்தில் அதனைத் திருப்புவதற்குள் தோள் வலிக்கும். நான்கு சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக்குகளே. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு கடந்துவிட்டமையால், உதிரிப் பாகங்களைப் பழைய இரும்புச் சந்தைகளில் துழாவியே பெற வேண்டும். வாங்கும் விலையைப் போல் இன்னொரு மடங்கு சீரமைப்புக்குப் போனாலும் வியப்பதற்கில்லை.

இவற்றினும் முக்கியமானவை ஆவணங்கள். ஆசை மிகுதியால் பலர் ஏமாறுவது இங்கேதான். படையிலிருந்து கழிக்கப்பட்ட வண்டியைப் பதிவு செய்ய, உரிய அதிகாரிகள் படிவம் 21இல் வழங்கிய அசல் விற்பனைச் சான்று வேண்டும். அஃதின்றி இடைத்தரகர் தரும் நகல்களை நம்பிப் பணம் கொடுத்தல் கூடாது. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் சான்றில் உள்ளவற்றோடு எழுத்துப் பிசகாமல் பொருந்துதல் வேண்டும். இராணுவ எண் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றும், வண்டி படையில் சேர்ந்த ஆண்டைக் காட்டும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். அழகாக உள்ளது என்று அப்பலகையை மாட்டிக்கொண்டு சாலைக்கு வருதல் குற்றம். நிறத்துக்கும் விதி உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 121ஆம் விதியின்படி, பாதுகாப்புத் துறையின் வண்டிகளுக்கன்றி வேறு எவ்வண்டிக்கும் ஆலிவ் பச்சை நிறம் பூசலாகாது. பகைவரோ கயவரோ படைவண்டி போன்ற தோற்றத்தில் காவலைக் கடக்கக்கூடும் என்பதை எண்ணினால் இவ்விதியின் அருமை விளங்கும்.

பழைமைப் பாதுகாப்புக்கென 2021இல் தனி விதிகளும் வந்துள்ளன. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்குரிய வண்டிகளை ‘விண்டேஜ்’ வகையில் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்வாறு பதிந்த வண்டியைக் காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டு செல்லலாம். அன்றாடம் அலுவலகம் செல்ல ஓட்டுதல் கூடாது. முதற்பதிவு என்று எந்த நாளைக் கொள்வது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுத் தெளிதல் நலம்.

இப்போது அம்மையாரின் வினாவுக்கு வருவோம். கணக்கைப் பார்த்தால் தந்தையார் சொல்வது சரி. மகனோ கணக்குப் பார்த்து இவ்வண்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் சிறுவனாயிருந்த நாளில், தந்தையார் காலைச் சங்கு ஒலிக்கும்போது மிதிவண்டியில் புறப்பட்டு, மாலையில் எண்ணெய்க் கறையோடு திரும்பியிருப்பார். உள்ளே அவர் என்ன செய்தார் என்பது பிள்ளைக்குத் தெரிந்திராது. தொழிற்சாலையின் மதிலுக்குள் குடும்பத்தாருக்கு வழி ஏது? அந்த முப்பது ஆண்டுகளுள் ஒரு துண்டையேனும் கையால் தொட்டுப் பார்க்க விழைகிறார் போலும். அதனைத் தந்தையாரிடம் வெளிப்படச் சொல்லியிருந்தால் இத்தனை மனத்தாங்கல் வந்திராது.

ஆதலின் நாம் கூறும் யோசனை இது. மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், தம்பி தந்தையாரைப் புனேக்கு அழைக்கட்டும். “ஐயா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்” என்று அவர் கையில் ஸ்பேனரைக் கொடுக்கட்டும். அடிச்சட்டத்தில் விரிசல் உண்டா, எண்கள் மீண்டும் பொறிக்கப்பட்டவையா, கியர்ப் பெட்டியின் ஓசை முறையாக உள்ளதா என்பனவற்றை அவரைக் காட்டிலும் தெளிவாகக் கூறவல்லவர் அந்தச் சந்தையில் எவரும் இருக்க மாட்டார். அவர் வேண்டாம் என்றால் முன்பணம் போனாலும் போகட்டும் என்று தம்பி விலகிவிட வேண்டும். சரி என்றால், ஐயாவும் அதன்பின் பெட்ரோல் விலையைச் சொல்லிக் காட்டுதல் கூடாது!

நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜபல்பூர்த் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின்கீழ் வந்துள்ளது. அங்கும் இத்தகைய பிற ஆலைகளிலும் உழைத்த நம்மவர் பலர் முதுமை எய்திவிட்டனர். உங்கள் இல்லத்தில் அத்தகையோர் இருப்பின், அவர்கள் பூட்டிய வண்டிகள், கற்ற தொழில் ஆகியவற்றைக் கேட்டு இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். இடம் ஒதுக்க நாம் காத்திருக்கிறோம்.