முழக்கம் முந்தலாமா?

பந்தல் பெரிது, பதாகை அதனினும் பெரிது! மேளம் முழங்கிற்று. மேடையிலே வந்தமர்ந்தார் வெள்ளித்திரை நடிகர். "வந்துவிட்டது! வாங்கி மகிழுங்கள்!" என்று அலறிற்று ஒலிபெருக்கி. திருச்செங்கோட்டு மலையடிவாரத்திலே அண்மையில் நான் கண்ட காட்சி இது. புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞர் ஒருவர் தம் முதல் சரக்கை ஊருக்கு அறிமுகம் செய்தார். மகிழ்ந்தேன். வேலை கேட்டு வாசல்தோறும் நின்ற குடும்பத்துப் பிள்ளை, நாலு பேருக்கு வேலை கொடுக்க முன்வருகிறான் என்றால் மகிழாதவர் யார்?

மறுநாள் கடைவீதிக்குப் போனேன். அந்தச் சரக்கைக் கேட்டேன். கடைக்காரர் கையை விரித்தார்.

"காலையிலிருந்து நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள், அண்ணே! சரக்குதான் வரவில்லை."

நாற்பது பேர்! நம்பி வந்தவர்கள். வெறுங்கையோடு போகவில்லை அவர்கள். பக்கத்திலே அடுக்கி வைத்திருந்த பெரிய கம்பெனிச் சரக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். வட்டிக்கு வாங்கி நம் பிள்ளை அடித்த மேளம், யாருக்கு ஆள் சேர்த்தது பார்த்தீர்களா?

விளம்பரமே வேண்டாம் என்கிறேனா? மேடையும் ஏடும் சுவரெழுத்தும் கொண்டு வளர்ந்த இயக்கத்தான், அப்படிச் சொல்வேனா? சொல்லாத சரக்கு விற்காது. ஆனால், விளம்பரம் என்பது வெறும் கூச்சலன்று, அது வாக்குறுதி! கொடுத்த வாக்கைக் காக்கக் கையிலே பொருள் வேண்டும்.

1983-ஆம் ஆண்டு. கடலூரைச் சேர்ந்த சி.கே.இரங்கநாதன் 15,000 ரூபாய் முதலோடு ஷாம்பு தொழிலில் இறங்கினார். தந்தை சின்னி கிருஷ்ணனின் பெயரைச் சுருக்கி, 'சிக்' என்று தம் சரக்குக்குப் பெயர் வைத்தார். எதிரே மலைபோல் நின்றன பன்னாட்டு நிறுவனங்கள். ஷாம்பு என்றால் சீமான் வீட்டுக் குளியலறைப் பொருள் என்றிருந்த காலம். அவர் என்ன செய்தார்? சிற்றூர்களுக்குப் போனார்கள் அவருடைய ஆட்கள். ஊரார் நடுவே ஒரு சிறுவனை உட்காரவைத்துத் தலையை அலசிக் காட்டினார்கள். "தொட்டுப் பாருங்கள்" என்றார்கள். தொட்டுப் பார்த்த கை, வாங்கிப் பார்த்தது. காலி உறைகளைத் திருப்பிக் கொடுத்தால் புது உறை ஒன்று இலவசம் என்றார்கள். நடிகை நடித்த விளம்பரம்? அதுவும் வந்தது; ஆனால், சரக்கு கடைக்கு வந்து, மக்கள் கைக்குப் போன பிறகு வந்தது! உழைப்பாளி வீட்டுப் பெண்ணும் ஒரு சிறு உறை வாங்க முடியும் என்ற நிலை பிறந்தது. எளியவரை மதித்ததுதான் அந்த விளம்பரத்தின் வலிமை.

கடலூர் எதற்கு? நம் ஊரையே பாருங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் உண்டா? வடக்கே எங்கோ ஒரு வறண்ட காட்டிலே நம் வண்டி நிற்கிறது. உள்ளங்கையிலே தேங்காயை வைத்து, "அது எழுந்து நின்றது, இங்கே தண்ணீர் உண்டு" என்பார் ஒருவர். தேங்காய் எழுந்தால் போதுமா? தண்ணீர் எழவேண்டாமா! பாறையைத் துளைத்துப் பீறிட்டு வந்த நீரைப் பார்த்துத்தான் அடுத்த காட்டுக்காரர் அழைத்தார். ஒரு கிணறு மறு கிணற்றுக்குச் சான்று. அப்படித்தான் வளர்ந்தது இந்த ஊரின் பெயர்.

"தேர்தலில் நீங்கள் பேசாத பேச்சா?" என்று மாற்று முகாம் நண்பர்கள் புன்னகைக்கக்கூடும். நன்றாகக் கேட்கட்டும்! 1967-லே அறிஞர் அண்ணா சொன்னது என்ன? ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம். ஒரு படி நிச்சயம். எது கனவு, எது கடமை என்று பிரித்துச் சொன்னார். ஆட்சிக்கு வந்த அந்த ஆண்டிலேயே சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டம் தொடங்கிற்று. மாநிலமெங்கும் விரிக்க நிதிநிலை இடம் தரவில்லை. ஏளனம் பேசினார்கள், தாங்கிக்கொண்டோம். ஒரு படிக்கே அந்த ஏளனம் என்றால், மூன்று படியும் நிச்சயம் என்று முழங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. ஆகவேதான் துணிந்து சொல்கிறேன்.

புதுத்தொழில் காணும் இளைஞனே! சரக்கைக் கடையிலே சேர்த்துவிட்டு மேடை ஏறு. நாடெல்லாம் வேண்டாம்; முதலில் நாலு கடைவீதி போதும். உன் சரக்கு எதைச் செய்யும் என்று சொல். எதைச் செய்யாது என்றும் சொல். போட்டியாளனைப் பழிக்காதே, பழித்தால் அவனுக்குத்தான் அது விளம்பரம். குறை சொல்லி வருகிறவரை விரட்டாதே. ஆயிரம் பேர் பேசாமல் விலகிப் போக, அவர் ஒருவர்தான் உன்னைத் தேடி வந்து சொல்கிறார். உட்காரவைத்துக் கேள்; பழுதானதை மாற்றிக் கொடு. பதாகைக்குக் கொட்டும் பணத்திலே ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கு.

உன் தோல்வி உன்னோடு முடிவதில்லை. "நம்மவன் சரக்கு இப்படித்தான்" என்ற பழி, நாளை தொழில் தொடங்கப்போகும் உன் தம்பியின் தலையிலும் விழும். உன் வெற்றியோ அவனுக்கும் கதவைத் திறக்கும்.

முழக்கம் பின்னால் வரட்டும். முதலில் சரக்கு வரட்டும்!