வார்ப்புருவில் கை வைக்கலாமா?

நம் நாட்டின் ஆராய்ச்சி நிலையங்களும் அரசாங்க அலுவலகங்களும் இன்று தம் வலைத்தளங்களை அடிமுதல் தாமே எழுதிக்கொள்வது அரிது. உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் ஒன்றை நிறுவி, ஆயத்தமாகக் கிடைக்கும் வார்ப்புரு ஒன்றைத் தேர்ந்து, அதில் தம் செய்திகளை இட்டு நிரப்புவதே வழக்கமாகிவிட்டது. செய்தி தரவுத்தளத்தில் தங்கும். தலைப்பு எங்கே, படம் எங்கே, எழுத்து எவ்வளவு பெரிது என்பனவற்றை வார்ப்புருவின் கோப்புகள் வகுக்கும். 2001-இல் வெளிவந்த ட்ரூபலும், 2003-இல் வெளிவந்த வேர்டுபிரஸும் இவ்வகையில் உலகெங்கும் பரவியவை. இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். திருத்தலாம் என்னும் இந்த உரிமையை நாம் எங்கே செலுத்துகிறோம் என்பதைப் பற்றியே இங்கு என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

ஆயத்த வார்ப்புரு எதுவும் ஒரு நிலையத்தின் தேவைக்கு முற்றும் பொருந்துவதில்லை. இந்திய மொழிகளில் வெளியிடுவோருக்கோ அது இன்னும் பொருந்தாது. பெரும்பாலான வார்ப்புருக்கள் ரோமன் எழுத்தை மனத்திற்கொண்டு வரையப்பட்டவை. வரிகளுக்கிடையே அவை விடும் இடம் தமிழின் உகர ஊகாரக் குறிகளுக்குப் போதுவதில்லை. குறுகிய பத்தியில் நம் நீண்ட சொற்கள் கரை மீறிச் செல்கின்றன. எல்லாவற்றிலும் வேடிக்கையானது தலைப்பைச் சுருக்கும் நிரல். யூ.டி.எப்.-8 என்னும் குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்து ஒன்று 1 பைட்டு இடம் கொள்ளும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுக் கொள்ளும். 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரு குறியீடுகள். ஆதலின் 6 பைட்டு. தலைப்பை 100 பைட்டில் வெட்டுக என்று ஆங்கிலத்தை எண்ணி எழுதப்பட்ட நிரல், இடைவெளியற்ற தமிழில் 33 குறியீடுகளை முழுமையாக விட்டு, 34-ஆவதைப் பிளந்துவிடும். திரையில் எழுத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி நிற்கும். பைட்டுகளை விடுத்துக் குறியீடுகளை எண்ணினாலும் குறை முற்றும் தீராது. 'மணி' என்பது 'மண' என்று நின்றுவிடக் கூடும். உயிர்க்குறியையும் மெய்யையும் பிரிக்காது ஓரெழுத்தாக எண்ணும் முறை வேண்டும். அதற்கான வசதி பி.எச்.பி. மொழியில் உண்டு, அதை எவரேனும் எழுதிச் சேர்த்தாக வேண்டும்.

ஆகவே சொந்த நிரல் சேர்ப்பது தேவையா என்னும் வினாவுக்கு இடமில்லை. அதை எங்கே சேர்ப்பது என்பதே வினா.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் தமிழ்ப் பக்கங்களைச் சீர்செய்யும் பணியில் எனக்கும் பங்கு இருந்தது. மேற்சொன்ன குறையை ஒப்பந்தக்காரர் அரைமணி நேரத்தில் நீக்கினார். வார்ப்புருவின் கோப்பையே திறந்து மூன்று வரிகளை மாற்றினார், அனைவரும் மகிழ்ந்தோம். வார்ப்புருவின் புதிய பதிப்பு வந்தபோது அதை நிறுவினோம். பழைய கோப்புகள் யாவும் அழிந்து புதியவை அமர்ந்தன. உடைந்த எழுத்துகளும் திரும்பி வந்தன. மீண்டும் திருத்தினர், மீண்டும் அழிந்தது. மூன்றாம் முறை அலுவலகம் ஒரு முடிவுக்கு வந்தது: இனிப் புதுப்பிப்பதில்லை! எழுத்துகள் ஒழுங்காகத் தெரிந்தன. எனவே ஈராண்டுகள் எவரும் குறை கூறவில்லை.

புதுப்பிக்கப்படாத தளத்தின் அபாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ட்ரூபல் மென்பொருளின் கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்றுக்குரிய திருத்தம் 2014 அக்டோபர் 15-ஆம் நாள் வெளியிடப்பட்டது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்திற்குள் திருத்தாத தளங்கள் ஊடுருவப்பட்டுவிட்டன என்றே கருத வேண்டும் என அதன் பாதுகாப்புக் குழுவினரே பின்னர் எச்சரித்தனர். ஏழு மணி நேரம்! நம் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்கும் அது போதாது.

வார்ப்புருவைச் சார்ந்த உதாரணம் 2011-இல் நிகழ்ந்தது. படங்களின் அளவைக் குறைக்கும் டிம்தம்ப் என்னும் சிறு நிரலை வேர்டுபிரஸ் வார்ப்புருக்கள் பல தம்முள் பிரதி செய்து வைத்திருந்தன. அந்நியர் தம் கோப்பைத் தளத்தில் இட்டு இயக்க வழிவிடும் குறை அதில் வெளிப்பட்டது. மூலநிரலைத் திருத்திவிட்டனர், ஆனால் எண்ணற்ற வார்ப்புருக்களுக்குள் கிடந்த பிரதிகளைத் திருத்துவார் யார்?

இதற்கு மாற்று வழி புதிதன்று. வேர்டுபிரஸில் சேய் வார்ப்புரு என்னும் ஏற்பாடு உண்டு. தனியே ஒரு கோப்புறை. அதன் தோற்றக் கோப்பின் தலைப்பகுதியில் தாய் வார்ப்புரு இன்னதென்று ஒரு வரி. சேயில் உள்ள பக்கக் கோப்பு தாயில் உள்ள அதே பெயருடையதற்கு முந்திக்கொள்ளும். இல்லாதவற்றுக்குத் தாயின் கோப்புகளே பயன்படும். தாயைப் புதுப்பித்தாலும் சேய்க்கு ஊறில்லை. ட்ரூபலிலும் இதை ஒத்த துணை வார்ப்புரு முறை உண்டு. நிறத்தையும் வரி இடைவெளியையும் மட்டும் மாற்றுவோருக்கு இதுவும் வேண்டுவதில்லை. 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பு முதல் அவ்வகைத் தோற்ற விதிகளை வேர்டுபிரஸின் அமைப்புப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.

எனினும் சேய் வார்ப்புருவை அமைத்ததோடு எல்லாம் சரியாயிற்று என்று எண்ணுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. தாயின் முழுக்கோப்பையும் சேயில் பிரதி செய்து ஒரு வரியை மாற்றுகிறோம் என்று கொள்வோம். பின்னர்த் தாயின் அக்கோப்பில் ஒரு குறை திருத்தப்பட்டால், அத்திருத்தம் நம் பிரதியை எட்டாது. டிம்தம்பின் கதை நம் வீட்டிலேயே நடக்கும். ஆகவே இயன்றவரை கொக்கிகளையே நாட வேண்டும். தலைப்போ சுருக்கமோ திரைக்குச் செல்லும் வழியில் நம் நிரலிடம் ஒருமுறை கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையே கொக்கி என்கின்றனர். எந்தக் கோப்பையும் பிரதி செய்யாமல் வேலை முடியும். வார்ப்புருவை எழுதியவர் கொக்கிக்கு இடம் வைக்காதபோது மட்டும் பிரதி செய்யலாம். செய்ததைக் குறித்தும் வைக்க வேண்டும்.

தோற்றத்தைச் சாராத நிரலைச் சேயிலும் வைத்தல் கூடாது. 'ஆய்வறிக்கை' என்று புதிய உள்ளடக்க வகை ஒன்றை வார்ப்புருவில் அமைத்துவிட்டு, பின்பு வார்ப்புருவை மாற்றினால், அறிக்கைகள் தரவுத்தளத்தில் இருந்தும் நிர்வாகப் பக்கத்தில் காணாமற்போகும். இத்தகையவற்றுக்குரிய இடம் செருகுநிரல்.

இவற்றைச் செய்யாமைக்கு அறியாமையைவிட ஒப்பந்தங்களே காரணம் என்பது என் எண்ணம். பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்று விரிவாக எழுதும் நாம், நிரல் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வரியும் எழுதுவதில்லை. தேசிய தகவலியல் மையம் 2009-இல் வகுத்த அரசாங்க வலைத்தள வழிகாட்டு நெறிகளை நம் ஒப்பந்தங்கள் மேற்கோள் காட்டுகின்றன, நல்லதே. அவற்றோடு, வந்த வார்ப்புருவின் எந்தக் கோப்பும் மாற்றப்படலாகாது என்றும், நமக்கென எழுதப்பட்டவை தனிக் கோப்புறையில் திருத்த வரலாற்றோடு நிலையத்தின் வசமே ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் இரு வரிகளைச் சேர்த்தல் வேண்டும். செலவு கூடும் என்பர். முதல் மாதத்தில் கூடும்தான்; அந்நிலையத்தில் அதே மூன்று வரிகளுக்கு மும்முறை பணம் கொடுத்ததை நான் அறிவேன்.

அவ்வரிகள் இப்போது அங்கே ஒரு சிறு செருகுநிரலில் இருக்கின்றன. அதன்பின் வார்ப்புருவையே முற்றும் மாற்றிவிட்டனர். தமிழ்த் தலைப்புகள் உடையவில்லை.